செவ்வாய், மூன்று மணி

"மாணவர் சந்திப்பு: செவ்வாய், 3 முதல் 5 வரை."
வால்டிவியாவின் மழை
கூரை ஒழுகி அந்தத் தாள்வரைக்கும் வந்திருந்தது.
ஐந்து கரைந்து,
மூன்று முதல் மூன்று வரை என்பதுபோல் தெரிந்தது.
யாரும் வருவதில்லை என்பதற்கு
இதைவிட நேர்மையான அறிவிப்பு தேவையில்லை.

முதல் வாரம் கழிவறைக்குப் போகிறவன்போல் கடந்தேன்.
இரண்டாம் வாரம் உண்மையிலேயே கழிவறைக்குப் போனேன்.
மூன்றாம் வாரம்
ஏழுக்கு இரண்டு புள்ளி எட்டு வாங்கிய நீரியல் தாளைச்
சட்டைக்குள் செருகிக்கொண்டு
தட்டிவிட்டேன்.

டாக்டர் ஒயர்சுன்
என் அக்காவைவிட இரண்டு வயது சின்னவர்.
ஈரக் காலுறைகள் ஹீட்டர்மேல் காய்ந்தன.
வெறுங்கால்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு
"நாற்காலியில் இருக்கிற கோப்புகளைக் கீழே வை" என்றார்.
மடியில் வைத்துக்கொண்டேன்.
யாருடைய ஆராய்ச்சியையோ
இறக்கிவைக்கத் தைரியமில்லாமல்
சுமந்தபடியே பேசினேன்.

மதிப்பெண் கேட்கத்தான் போனேன்.
வாயில் வந்தது வேறு:
"கடல் ஏறும்போது ஆறு பின்னோக்கி நகருகிறதே,
மீன்சந்தைக் கழிவு அப்போது எந்தப் பக்கம் போகும்?"

அப்பா அங்கேதான் மீன் வெட்டுகிறார்,
குடலுக்காகக் கத்தும் கடற்சிங்கங்களைக்
கடன் வசூலிக்க வந்தவர்கள் என்று திட்டுவார்.
அதையெல்லாம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"தெரியாது."

ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் எதிலும்
அந்தச் சொல் இல்லை.

தேர்வுத்தாளின் பின்பக்கம்,
என் இரண்டு புள்ளி எட்டின் முதுகில்,
இருவரும் கணக்குப் போட்டோம்.
தப்பாக வந்தது.
"சனிக்கிழமை எதையாவது மிதக்கவிட்டுப் பார்."

பதினொரு ஆரஞ்சுத் தோல்கள்.
நான்கை ஒரு கடற்சிங்கம் கவ்விக் கவ்வித் துப்பியது.
மிச்சம் பாலத்தைத் தாண்டி
மேலே, ஊருக்குள்ளே, போயின.

அடுத்த செவ்வாய் தட்டியபோது
நிமிராமலே கேட்டார்:
"எத்தனை, எலாடியோ?"

டிசம்பரில் மூன்று புள்ளி ஒன்பது.
தேற நான்கு வேண்டும்.
அந்தப் பத்தில் ஒன்றை நான் கேட்கவில்லை,
அவரும் கொடுக்கவில்லை.
அதில் எங்கள் இருவருக்குமே
கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் முடிவதற்குள் மழை வந்துவிட்டது.
அதே பாடம். கதவில் புதுத் தாள்.
நாற்காலியில் கோப்புகள் இல்லை;
ஒரு ஜோடி காலுறை மட்டும், சொட்டச் சொட்ட.

எடுத்து ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
உட்கார்ந்தேன்.