கோப்பையைக் கழுவ வேண்டாம்

மதியம் இரண்டே கால்.
ஜுஃபேரில் வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே பாரின் திரைகளை இறக்கி
பதினெட்டில் வைத்திருக்கிறார்கள்.
நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்க
எங்களுக்கு மட்டும் ஒரு மூலை:
மூன்று கோப்பை, ஒரு குவளை தண்ணீர்,
துப்புவதற்கு ஓர் எவர்சில்வர் வாளி.

என் வேலை இதுதான்.
வீட்டில் கொள்முதல் பிரிவு என்று சொல்லியிருக்கிறேன்.
பொய்யில்லை.
அரிசி, பருப்பு, எண்ணெய் என்று
மாமியார் புரிந்துகொண்டிருக்கிறார்.
நான் திருத்தவில்லை.

மர்த்தினிக்கிலிருந்து வந்திருப்பவருக்கு
காரிலிருந்து கதவுவரை நடந்ததற்கே
காலர் நனைந்துவிட்டது.
எங்கள் தீவும் சூடுதான், ஆனால் இது, என்று
வாக்கியத்தை முடிக்காமல் பாட்டிலைத் திறக்கிறார்.
பன்னிரண்டு வருடம் ஓக் மரத்தில்.
அப்புறம் பதினோரு மாதம்
போர்ட் ஒயின் இருந்து காலியான பீப்பாயில்.
கழிவுப் பாகில் அல்ல, பிழிந்த சாற்றிலேயே காய்ச்சியது
என்பதை இரண்டு முறை சொல்கிறார்.
வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிவிடும்,
அது தேவதைகளின் பங்காம்.
எங்கள் கணக்கில் அதற்குச் சேதாரம் என்று பெயர்.

மூக்கை விளிம்பில் வைக்கிறேன்.
மாப்பிள்ளையைப் பேசவிடாத தாய்மாமனைப் போல்
ஒயின்தான் முந்திக்கொண்டு வருகிறது.
வெடித்த நாவல், ஊறிய கிஸ்மிஸ்.
அதன் பின்னால்
நாட்டு மருந்துக் கடையில் யாரோ
ஓர் இழுப்பறையைத் திறந்து மூடாமல் விட்டது.
அதிமதுரமா, ஜாதிக்காயா?
இன்னும் பின்னால் புதுச் செருப்பு.

நாக்கில்
இனிப்பு நுனியிலேயே நின்று
கையசைத்துவிட்டுப் போய்விடுகிறது.
நடுவில் கம்பிப் பதம் தாண்டிக் கருகிய பாகு.
பிறகு இரண்டு கன்னத்தையும் உள்ளிழுக்கிறது துவர்ப்பு.
படிவத்தில் துவர்ப்புக்குக் கட்டமில்லை,
குறைகள் என்ற இடத்தில் எழுதவேண்டும்.
ஆறு சுவையில் ஒன்றைக் குறை என்று எழுத
ஒன்பது வருடமாகக் கை வரவில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறேன்:
வாழைப்பூ.

துப்புகிறேன்.
பன்னிரண்டு வருடம் வாளிக்குள் போவதைப் பார்த்து
அவர் முகம் சற்றே வாடுகிறது.
மன்னிக்கவும், மூன்றரைக்கு
பள்ளிப் பேருந்து நிற்குமிடத்தில்
மகளுக்காக நான் நிற்கவேண்டும்.

விலைக்கு முன்னால்
அவர் தந்த அட்டையைப் பார்க்கிறேன்.
ரெமி மூத்துசமி.
கடைசி எழுத்தில் அழுத்தி, மூக்கால் சொல்கிறார்.
என்ன அர்த்தம் என்றால் தோளைக் குலுக்குகிறார்.
கரும்பு வெட்ட வந்தவர்கள்,
ஐந்து வருட ஒப்பந்தம்,
அப்புறம் யாரும் கேட்கவில்லை.
என்னுடையது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, என்கிறேன்.

படிவத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டுகிறேன்:
முத்துசாமி.
தாளைத் திருப்பி, தலைகீழாகவும் பார்க்கிறார்.
தகரத்தின் தலைமேல் விரல் வைத்து
இந்தப் புள்ளி தவறி விழுந்ததா என்கிறார்.
இல்லை, இங்கே உயிர் இல்லை என்று பொருள்.
சொன்ன பிறகுதான்
எனக்கே அது காதில் விழுகிறது.
கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்.

பன்னிரண்டு பெட்டி என்றார்.
நான்கு என்றேன்.
பெயருக்காக ஒரு தினாரும் ஏற்றவில்லை, இறக்கவுமில்லை.
ஐந்தில் முடிந்தது.

கிளம்பும்போது பிபேக்கிடம் சொன்னேன்,
இந்த ஒரு கோப்பையை மட்டும் கழுவாதே.

காலையில் வந்து பார்த்தால்
அடியில் பழுப்பாய் ஒரு வளையம் காய்ந்திருக்கிறது.
ஒயின் போய்விட்டது.
மருந்துக் கடை பூட்டியாயிற்று.
நாவல், செருப்பு, ஒன்றுமில்லை.
மூக்கை உள்ளே விட்டேன்:
பச்சைத் தோகை.
கணுவில் வெட்டிய ஈரம்.
யாரோ இப்போதுதான் அரிவாளை எடுத்துக்கொண்டு
அடுத்த வரிசைக்குப் போன மாதிரி.

படிவத்தை நேற்றே அனுப்பிவிட்டேன்.