நிகர எடை

புளியரை தாண்டி, மலை ஏறத் தொடங்கும் வளைவுக்கு முன்னால்
லாரிகளைத் தூக்கிப் பார்க்கும் மேடை ஒன்று.
சீட்டு கிழித்துக் கொடுப்பது என் வேலை.
மொத்த எடை. காலி எடை. நிகர எடை.
எம்-சாண்ட் ஆரியங்காவு போகிறது.
சீட்டு டிரைவர் பையில் போகிறது.
சீட்டில் பூசியிருந்த ஏதோ ஒன்று
என்னோடு நின்றுவிடுகிறது.

மை கிடையாது இந்தத் தாளுக்கு. சூடு பட்டால் தானே கறுக்கும்.
கறுக்க வைக்கிற மாவுக்குப் பெயர் பிஸ்ஃபினால்,
புனலூரிலிருந்து வந்த ஷைனி சொன்னாள்.
ஆராய்ச்சிப் படிப்பாம். தோளில் ஐஸ்பெட்டி.
"சானிட்டைசர் தேச்ச கையோட சீட்டத் தொடாதீங்க இத்தா,
ஈரத்துல தோல் வழி விட்டுரும்."
ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு.
டிரைவர்கள் நீட்டும் ரூபாயைத் தொட்டுவிட்டு
முந்நூறு தடவையும் சானிட்டைசர் தேய்த்தவள் நான்.

உள்ளே போனதைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும் என்றாள்.
தண்ணீரில் கரையாத சரக்கு அது;
அதன் முதுகில் ஒரு சர்க்கரையைக் கட்டிவிடுமாம்.
கட்டியதும் கரையும், ரத்தத்தோடு சிறுநீரகம் சேரும்,
வடிந்து இறங்கிவிடும்.
வாய்வழி போனது ஒரு பகலில் பெரும்பாலும் காலி.
தோல்வழி வந்தது சில நாள் சுணங்கும்.
எனக்கு ஆச்சரியம்தான்.
மாமூல் கேட்காமல், நாளைக்கு வா என்று சொல்லாமல்
என் விலாவுக்குள் ஒரு வேலை
இத்தனை ஒழுங்காக நடக்கிறதா?

நடக்கிறது, மூத்திரப்பை வரைக்கும்.
அதற்கு அப்பால் சாவி வேண்டும்.
சாவி பெட்ரோல் பங்கில், பூதப்பாண்டியனிடம்.
ஏழு மணிக்கு அவன் வீட்டுக்குப் போய்விடுவான்,
சாவியும் கூடவே போகும்.
எங்கள் மேடையில் கூட வேலை பார்க்கும் மாடசாமிக்கு
ரப்பர் தோட்டம் முழுக்கத் திறந்திருக்கிறது.
அதனால் நான் காலையிலிருந்தே தண்ணீரை அளந்து குடிப்பேன்,
பாட்டில் மூடியில், மருந்து மாதிரி.

ஷைனி குப்பியைக் கையில் கொடுத்து
"நல்லா வெள்ளம் குடிக்கணும் கேட்டோ" என்றாள்.
சிரித்தேன்.
அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.
சாயங்காலம் அவளுக்கே அவசரம் வந்தபோது புரிந்தது.

முதல் குப்பி வேலை முடிந்த இரவு.
இரண்டாவது, நாத்தனார் கல்யாணத்துக்கு வடகரையில்
நாலு நாள் லீவு போட்டுத் திரும்பிய அன்று.
நாலு நாளும் சீட்டு இல்லை.
வீட்டுக்குள்ளேயே மூன்று கக்கூஸ்.
சொம்பு சொம்பாய்க் குடித்தேன்,
நினைத்த நேரமெல்லாம் எழுந்து போனேன், ராணி மாதிரி.

தாள் வந்தது.
பிஸ்ஃபினால் இறங்கியிருந்தது.
கீழே வேறொரு வரி எகிறியிருந்தது: பாரபென்.
கல்யாணத்துக்கு வாங்கின முகக்கிரீமாக இருக்கலாம், லோஷனாக இருக்கலாம்.
"இதும் ஒரு நாள்ல போயிரும் இத்தா."
"வந்துகிட்டே இருந்தா?"
பேனா மூடியைக் கடித்தாள் கொஞ்ச நேரம்.
"வந்துகிட்டே இருந்தா, இருந்துகிட்டே இருக்கும்."
கெடுதலா என்று கேட்டேன்.
எவ்வளவுக்கு எவ்வளவு என்று இன்னும் பார்க்கிறார்களாம்.

அன்றிரவு லாரி இல்லாத ஒரு பத்து நிமிடம்
மேடை நடுவில் நான் மட்டும் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
ரப்பர் தோட்டத்துக்குள் டார்ச்சோடு போய்வந்து
மறுபடி ஏறினேன். அறுபது.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
ஒரு பெண் அடக்கி வைத்திருப்பதெல்லாம்
அதன் கணக்கில் காற்று.

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
பொருள்: கழிப்பறை ஒன்று, உள்ளே தாழ்ப்பாளுடன்.
அனுப்புநர்: மைதீன் பாத்து, பகல் ஷிப்ட்.
நிகர எடை: பூச்சியம்.
வந்த சீட்டை நகத்து நுனியால் பிடித்து
முதலாளி மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினேன்.
படித்தார். பார்க்கலாம் என்றார்.

வெயில் விழும் மேசை அது.
இந்தத் தாளில் எழுத்து
ஆறு மாதம் நின்றால் அதிகம்.