எழுபத்தெட்டாவது நிமிடம், ரிங்லெட்

லா பாஸில் ஆட்டம். இங்கே விடியற்காலை நாலு.
தாப்பா முக்குக் கடையில்
தொலைக்காட்சிக்கு நேர் கீழே நான், ஒரு தே ஓ,
கையில் மாவு காய்ந்த ரொட்டிப் பையன்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் என்கிறார் வர்ணனையாளர்.
வெளியூர் ஆட்டக்காரன் ஒருவன்
கோட்டுக்கு வெளியே குந்தி
உருளையிலிருந்து மூச்சு வாங்குகிறான்,
கடன் வாங்குகிறவனைப் போல
யார் முகத்தையும் பார்க்காமல்.

"அவ்ளோ மேல பந்து மெதக்குமாக்கா?"
மிதக்காது. விரையும்.
வளைய வேண்டிய இடத்தில் வளைய மறந்துவிடும்.
ஓடுகிற பந்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க
அங்கே காற்றில் ஆள் குறைவு.
சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
எனக்குத் தெரிந்த உயரம் வேறு.

ரிங்லெட். நாலாயிரம் அடிகூட இல்லை.
தேயிலைச் சரிவை வெட்டி மட்டமாக்கிய திடல்.
மட்டம் என்பது பேச்சுக்கு:
வடக்குக் கோலில் கொட்டிய தண்ணீர்
தெற்குக் கோலுக்குத் தானே வழி கேட்டுப் போகும்.
அன்று நான் நடுவர்.
நாற்பது வெள்ளி, ஒரு பொட்டலம் மீகூன்.

பீடோர்ப் பக்கத்துச் செம்பனைப் பையன்கள்
லாரியில் வந்தார்கள்.
இருபத்தெட்டுக் கட்டை வளைவில்
பசியாறியதையெல்லாம் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு
வெளுத்து இறங்கினார்கள்.
"காத்து பத்தல மேடம்" என்றான் தலைவன் அமலதாஸ்.
தோட்டத்து டிரெசர் சிரித்தார்.
"இந்த ஒயரத்துக்கெல்லாம் ரத்தம் மாறாது தம்பி.
வயிறு காலி, அவ்ளோதான்."

மூன்று மணி ஆட்டம்.
பந்துக்குக் காற்றடிக்கப் பம்பு இல்லை என்றார்கள்.
பம்பு வந்தது, ஊசி இல்லை.
ஊசி வந்தபோது மணி நாலேகால்.
ஐந்துக்கு மூடுபனி இறங்கும் என்று
அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.
எனக்குத் தெரியாது.

இறங்கியது.
முதலில் தெற்குக் கோல் காணாமல் போனது.
பிறகு கோல்காவலன்.
பிறகு நீட்டிய என் கை.

தோட்டத்துப் பையன்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.
தேயிலை ஆலையின் விசிறி இரைச்சல் முதுகில் கேட்டால்
முன்னால் எதிரி கோல்.
வாய்க்கால் சத்தம் நெருங்கினால் கோடு.
பந்து மட்டும்தான் புதிது அவர்களுக்கு.
கீழேயிருந்து வந்தவர்கள்
ஒருவரையொருவர் பேர் சொல்லித் தேடினார்கள்,
திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி.

இரண்டு கோலும் தெரியாவிட்டால் நிறுத்து.
பயிற்சியில் சொன்னதுதான். நினைவும் இருந்தது.

எழுபத்தெட்டாவது நிமிடம்.
ஒன்றுக்கு ஒன்று.
எங்கோ எலும்பில் பூட்ஸ் பட்ட சத்தம். ஓர் அலறல்.
அப்புறம் சரிவிலிருந்து
கண்ணில் படாத அந்த ஊர் முழுக்க
ஒரே தொண்டையாய்:
"அக்கா!"

பெனால்டி என்றுகூட அவர்கள் சொல்லவில்லை.
அக்கா. அவ்வளவுதான்.
காலையிலிருந்து நான் வெறும் மேடம்.
விசில் என் வாயில்தான் இருந்தது.
ஊதிய மூச்சு யாருடையது என்று
இன்னமும் பிடிபடவில்லை.

கோலுக்கு வலை கிடையாது.
உதைத்த பந்து தேயிலைக்குள் உருண்டு போய்விட்டது.
அதைத் தேடி,
முழங்கால்வரை அட்டையோடு
எடுத்து வந்து என் கையில் கொடுத்தவன்
பீடோர்க் கோல்காவலன்.
"இந்தாங்க மேடம்."

மறு ஆட்டம் பீடோரில், உச்சி வெயிலில்.
மேலிருந்து வந்தவர்கள் பாதியிலேயே சுருண்டார்களாம்,
ஐஸ் மூட்டையைத் தலையில் வைத்தார்களாம்.
என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

திரையில் எண்பதாவது நிமிடம்.
பெட்டிக்குள் ஒருவன் விழுகிறான், அரங்கம் எழுகிறது.
நடுவருக்கும் மூச்சு வாங்குகிறது.
அவர் பக்கம் உருளையோடு யாரும் ஓடவில்லை.
விசிலை உதட்டுக்குக் கொண்டுபோகிறார்.

சில்லறையை எண்ணி மேசையில் வைத்துவிட்டு
வெளியே வந்தேன்.