வினைமுற்று

புந்தா அரேனாஸில் காற்றுக் காலம் வந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
பள்ளிக்குள் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லையே
என்றாள் யாஸ்னா.
அங்கே தொடங்கியது என்றுதான்
எல்லோரிடமும் சொல்லிவந்தோம்.

உண்மையில் கழிப்பறையில் தொடங்கியது.
கணக்குப் பரீட்சையின் நடுவே
ரொசீயோ மூன்று முறை கை தூக்கினாள்.
மூன்று முறையும் ஒரே பதில்: மணி அடிக்கட்டும்.
மணி அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.
வகுப்பு காலியான பிறகும்
நாற்காலியை விட்டு அசையவில்லை.
ஒரு வாரம் வரவில்லை.
எட்டாம் நாள் வந்தாள்,
கோடு போட்ட நோட்டோடு.
முதல் பக்கத்தில் ‘1’ என்று மட்டும் இருந்தது.

வேதியியல் அறையில்தான் ஹீட்டர் வேலை செய்யும்.
பதினேழு பேர் அங்கே கூடினோம்.
என்னை எழுத்தராக்கினார்கள்.
கையெழுத்துக்காக அல்ல,
மை தீராத பேனா என்னிடம் இருந்தது.

முதல் மாலை கோபத்தை மட்டுமே எழுதினோம்.
நாற்பத்திரண்டு விதிகள்.
சூப்பில் உருளைக்கிழங்கு கண்ணில் படும் உரிமைகூட உண்டு அதில்.
மறுநாள் நாவெல்கின் வெட்ட உட்கார்ந்தான்.
அவன் அப்பா சால்மன் ஆலையில் கத்தி பிடிப்பவர்.
எங்கே கீறினால் குடல் தனியாக வரும் என்று
அவனுக்கும் தெரிந்திருந்தது.
பத்து மிஞ்சியது.

பிறகு மூன்று மாலை
ஒரே ஒரு வினைச்சொல்லுக்காகச் சண்டை.
‘வெளியே செல்லலாம்’ என்று எழுதியிருந்தேன்.
"லாம் என்றால் யாரோ கொடுக்கிறார்கள்.
கொடுத்த கை நாளைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளும்,"
யாஸ்னா மேசையைத் தட்டினாள்.
"அப்படியானால் செல்ல வேண்டும்?"
"கட்டாயமாகவா?"
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.
ரொசீயோ சிரிக்கவில்லை.
தலை நிமிராமல் "உண்டு" என்றாள்.
செல்ல உரிமை உண்டு.
ஏற்கெனவே இருக்கிறது.
யாரும் தரவில்லை.
ஹீட்டர் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவிலும் ஈவோ வாய் திறக்கவில்லை.
அவனுக்குத் திக்கும்.
கடைசி நாள் ஒரு துண்டுச்சீட்டை நகர்த்தினான்:
‘தான் தொடங்கிய வாக்கியத்தை
எவ்வளவு நேரமானாலும்
தானே முடிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை’.
அதற்கு மேல் இல்லை.
வினைமுற்றை எங்களிடம் விட்டிருந்தான்.
ஆறு வருடமாக அவன் சொற்களைப் பாதியில் பிடுங்கி
முடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.
உதவி என்று நினைத்துத்தான்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நான் ‘உண்டு’ என்று எழுதினேன்.
பத்தாவதாக.

வெள்ளிக்கிழமை முற்றத்தைக் கடக்கையில்
காற்று என் கோப்பைப் பிரித்தது.
நாவெல்கின் பந்து பிடிப்பவனைப் போல் பாய்ந்தான்.
இரண்டு தாள் கம்பிவேலியில் கிடைத்தன.
மூன்றாவது கூரைகளுக்கு மேலே புரண்டு
நீரிணைப் பக்கம் போயிற்று.

பாமோந்தே அம்மையார் ஒன்பது வரை படித்தார்.
"பத்து?"
அதைச் சொல்லுக்குச் சொல் அறிந்தவன் ஒருவன்தான்.

ஈவோ முன்னே வந்தான்.
‘தா’வில் நின்றான்.
தா, தா,
கழுத்து நரம்பு புடைத்தது.
அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
யாஸ்னாவின் உதடு அசையப் பார்த்தது,
ரொசீயோ அவள் காலை மிதித்தாள்.
தகரக் கூரை இருமுறை அறைந்து ஓய்ந்தது.
துறைமுகத்துக்கு ஒரு லாரி இறங்கிப் போய்
அதன் சத்தமும் தேய்ந்தது.
‘எவ்வளவு நேரமானாலும்’ என்ற இடத்தில்தான்
ரொம்ப நேரமானது.
நான் என் ஷூவின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உ, என்றான்.
உ.
உண்டு.

"பரிசீலிக்கிறேன்" என்றார் அம்மையார்,
வேறு மாதிரிக் குரலில்,
அல்லது எனக்கு அப்படிப் பட்டது.

வெளியே வந்ததும் ரொசீயோ
யாரையும் கேட்காமல்
நடைபாதைக் கோடியிலிருந்த கழிப்பறைக்குப் போனாள்.
அவள் பையைப் பிடித்துக்கொண்டு
பதினாறு பேரும் நின்றோம்.
மணி அடித்தது.
அடிக்கட்டும்.