ஓர் ஆம்பியர்

சார்லட்டன்பர்க், ஜனவரி.
ஜன்னலெல்லாம் பனி.
தராசு முள் அடங்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் ஓட்டிலி.

நொடிக்கு ஒரு மில்லிகிராமும் சொச்சமும்
வெள்ளி
பிளாட்டினக் கிண்ணத்தில் படிந்தால்
அதற்குப் பெயர் ஓர் ஆம்பியர்.
சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.
ஓடியதை எவரும் பார்த்ததில்லை,
ஒட்டியதைத்தான் நிறுக்கிறார்கள்.

ஐந்தாம் இலக்கம் இன்றும் உதறுகிறது.
"கிண்ணத்தைக் கழுவியது யார்?"
டாக்டர் ஃப்ரோவைன் கேட்கிறார்.
அவள்தான்.
நைட்ரிக் அமிலம் ஊற்றி
நேற்றைய வரையறையைக் கரைத்துப்
பழுப்புப் புட்டியில் மூடிவைத்தவள்.

ஆள்காட்டி விரலில் ஒரு கறுப்புப் புள்ளி,
சோப்புக்குப் போகாத வெள்ளி.
அதை எந்தக் கணக்கில் எழுத?

டிராமில் டிக்கெட் கிழிப்பவன் கேட்கிறான்:
"மையா?"

"மின்சாரம்" என்கிறாள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.