ஏழு கம்பிக்கு எட்டுப் பை

முதலில் அவை மாரி பிஸ்கட் டின்னில் இருந்தன.
அட்டனிலிருந்து டிக்கோயா வரை
வளைவுக்கு வளைவு கிலுங்கும்.
பக்கத்துச் சீட்டுக்காரர்
தன் பையை எடுத்து மடிக்கு மாற்றிக்கொள்வார்.
சத்தம் போட்டால் திருடன்.
போடாவிட்டாலும் திருடன்தான்,
ஆனால் பஸ்ஸில் நிம்மதியாக உட்காரலாம்.

ஆகவே ஒரு பை தைத்தேன்.

துணி, கொழுந்தி பவளக்கொடி
கார்மண்டிலிருந்து கொண்டுவந்த களிசான் கால்.
ஒற்றைக் கால்.
மற்றது எங்கே என்று நான் கேட்கவில்லை.
எந்த முழங்காலும் மடங்கிப் பார்க்காத நீலம்.

கம்பிகளில் நான்கு, காற்றில் முறிந்த குடைகளின் விலா.
இரண்டு, லொறி வைப்பரின் உள்தகடு.
ஒன்று சைக்கிள் ஸ்போக், தட்டித் தட்டி ஒரு வாரம்.
இந்த மலையில்
குடை முறியாத வீடு கிடையாது,
எனக்கு இரும்புப் பஞ்சமும் கிடையாது.

கரண்ட் போன இரவு.
கம்பியைத் துணியில் கிடத்தி
பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு,
விரலகலம் விட்டு இன்னொன்று.
கொக்கி வைத்ததற்கு ஆழம் கூட.
பாம்பு போல நெளிந்ததற்கு அகலம் கூட.
பூட்டுக்குள்ளே ஐந்து முள்ளை
பார்க்காமலே ஒவ்வொன்றாய்த் தூக்குகிறவன்
ஓர் ஊசியின் காதைத் தேடி
அரை மெழுகுதிரியைக் கரைத்தேன்.

நுனி குத்தாதிருக்க மேலே ஒரு மடிப்பு.
சுருட்டிக் கட்ட, பழைய மழைக்கோட்டின் தலைநாடா.
சிவபாக்கியம் வாங்கிக் காதோரம் குலுக்கினாள்.
"ஒண்ணும் கேக்கல" என்றாள்.
கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில்
அவ்வளவு பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

விடிந்து பார்த்தால் எட்டுப் பை.
மெழுகு சிந்திய தடத்தையும்
கோடென்று நம்பித் தைத்திருக்கிறேன்.
பிரிக்கச் சோம்பல். இருந்துவிட்டுப் போகட்டும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரி.
மருந்து அலுமாரிச் சாவி
கண்டிக்குப் போனவரின் சட்டைப்பையில்.
இழுப்புக்காரப் பிள்ளை ஒன்று, சீக்கிரம் வா என்றார்கள்.
நோர்வூட்டில் பஸ்ஸை மறித்தார்கள்.

ஜீப்பின் முகத்தில் பையை விரித்தார்.
தையலை விரலால் தடவினார்,
பிடித்திருந்தது போல.
ஏழுவரை எண்ணினார்.
பிறகு அவர் விரல் காலிப் பைக்குள்
இரண்டாம் கணுவரை இறங்கியது.
"அட்டவெனி எக்க கோ?"

எட்டாவது இல்லை சேர்.
தொலைத்தாயா?
இல்லை, இருக்கவே இல்லை.
யார் வீட்டுக் கதவில் விட்டுவிட்டு வந்தாய்?

பிரதேச சபை ரசீதை நீட்டினேன்.
சாவி வெட்டுதல் என்று இருந்தது அதில்.
வெட்டாமல் திறப்பது பற்றி ஒரு வரியும் இல்லை.
இல்லாத ஒன்றை
இல்லையென்று எடுத்துக் காட்ட
என்னிடம் கம்பி எதுவும் இல்லை.

வாங்கில் இரண்டு மணித்தியாலம்.
பெரியவர் சோறு தின்று வந்து, போ என்றார்.

போய்ச் சேர்ந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது.
கவ்வாத்துக் கத்தியின் முதுகால் அடித்திருக்கிறார்கள்.
பிள்ளை தாயின் தோளில்,
மூச்சு சீராக, வாய் திறந்தபடி தூக்கம்.
நல்லது.
பஸ் காசு தந்தார்கள்.
நிலத்தில் கிடந்த பூட்டைக் கேட்டு வாங்கினேன்.
பெயர்ந்தது கொண்டி மட்டும்.
பூட்டு, பூட்டியது பூட்டியபடி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்
மடியில் பையை விரித்தேன்.
மூன்றாவது கம்பி, ஒரு வைப்பர் தகடு.
நோர்வூட் வருமுன்னே
'டிக்' என்று திறந்தது,
யாருக்கும் உதவாமல்.

அன்றிரவு எட்டாம் பையை மூட ஊசி எடுத்தேன்.
நூலைக் கோர்த்தும்விட்டேன்.
பிறகு என்ன தோன்றியதோ,
என் சீப்பை அதில் சொருகினேன்.

போன வியாழன் வேறொருவர், அதே சந்தி.
எட்டும் எண்ணினார். கணக்குச் சரி.
எட்டாவதை உருவி
வெளிச்சத்துக்குத் தூக்கி
பல் பல்லாகப் பார்த்தார்.
"இது எந்தப் பூட்டுக்கு?"
பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

வாங்கித் தலை சீவிக் காட்டினேன்.