243

பீல் ஊரில் சனி இரவு, பத்தேகால்.
ஏரியின் மட்டம் சொல்லவேண்டிய பலகை
திரையில் ஆணியும் கொக்கியுமாய்க் கொட்டுகிறது.

கம்பி சரி.
முறை ஒன்று, அதுவும் சரி:
தொடங்க ஒரு பிட், நடுவில் எட்டு, முடிக்க ஒன்று.
டைமரில் 253.
ஒன்பதாயிரத்து அறுநூறு பாட்.

கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்
படிகத்தின் முதுகில் பன்னிரண்டு!
பதினொன்று புள்ளி சொச்சம் கேட்டிருந்தேன்.
ரேத்தோ, சில்லறைக்குச் சங்கடப்படுகிறவன் போல
முழுசாக்கி வாங்கியிருக்கிறான்.

கடை திங்கள்தான் திறக்கும்.
253ஐ அழித்து 243 என்றேன்.
இரண்டாயிரத்து நானூறு. கால்வாசி வேகம்.

எழுத்தெழுத்தாய் வந்தது ஏரி:
4
2
9
புள்ளி
3

காலையில் ரொட்டிக்கடைப் பெண்
ஜெர்மனில் கேட்டாள், சடசடவென்று,
பிறகு பிரெஞ்சில், இன்னும் சடசடவென்று.
மெதுவா, மெதுவா என்றேன்.
தமிழில் சொல்லிவிட்டது
வீதிக்கு வந்தபின்தான் உறைத்தது.
கையில் சரியான ரொட்டி.